எட்டு வேகன் தேயிலை

மாதிரி ரயில் கட்டுகிறவர்களுக்குப் பொதுவாக எக்ஸ்பிரஸ் வண்டி மேல்தான் ஆசை. நீளமான பெட்டிகள், பளபளக்கும் என்ஜின், வட்டமாகப் போட்ட தண்டவாளத்தில் நிற்காத ஓட்டம். எனக்கும் பார்க்கப் பிடிக்கும், கொஞ்ச நேரம் வரை. அப்புறம் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்: இந்த வண்டி எதற்காக ஓடுகிறது? தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா ஓடுகிற எந்திரத்தைக் கண்டால் என் கை தானாகச் சுவிட்சைத் தேடும். அதனால்தான் போடிநாயக்கனூரில் என் வீட்டு மாடி அறையில் இருப்பது சரக்கு ரயில். பயணிகளே கிடையாது. தேயிலைப் பெட்டி, விறகு, அரிசி மூட்டை, இரும்புச் சாமான். அவ்வளவுதான்.

அதற்கு நான் எடுத்துக்கொண்ட முன்மாதிரி எங்கள் ஊருக்கு மேலேயே இருந்தது. குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில்வே. மூணாறுக்குப் போய்வருகிறவர்களில் பலருக்கு அங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியதே தெரியாது. 1877-ல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1897-ல் கண்ணன் தேவன் மலைக் கம்பெனி பிறந்தது. தேயிலை விளைந்துவிட்டது, ஆலையும் வந்துவிட்டது. ஆனால் பெட்டி பெட்டியாக அடைத்த தூளை மலையிலிருந்து இறக்க வழி வேண்டுமே. 1902-ல் மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டலை வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் இருக்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒரு மோனோரயில் ஓடியது. அதன் நீராவி என்ஜின் இன்றும் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் அந்தப் பக்கவாட்டுச் சக்கரத்தை நின்று பாருங்கள். அரைப் பைத்தியக்காரத்தனமும் அரை மேதைமையும் சேர்ந்த வேலை.

குண்டலையில் 1908-ல் மோனோரயிலை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளமே போட்டுவிட்டார்கள். டாப் ஸ்டேஷனில் ரயில் முடியும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் ஏறி, மலைச்சரிவில் சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். நடுவழியில் ரோப்வேக்கு ஓர் இடைநிலையம். குரங்கணியிலிருந்து மலையேறுகிறவர்கள் கடக்கிற சென்ட்ரல் ஸ்டேஷன் அதுதான். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 ஜூலையில் கொட்டிய மழையில், கேரளத்தில் இன்றும் '99 வெள்ளம்' என்று சொல்கிறார்களே (மலையாள ஆண்டு 1099), அந்த வெள்ளத்தில் ரயில் பாதை சிதைந்து போனது. திரும்பப் போடவில்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பிறகு தேயிலைக் கம்பெனி அலுவலகமானது.

இதில் என் மனதை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928-ல். மேலே ரயில் போய் நான்கு வருடம் கழித்துக் கீழே ரயில் வருகிறது. நான்கே வருடம்! வெள்ளம் வராமல் இருந்திருந்தால் மூணாறு ஆலை வாசலிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரை, நடுவில் ஒரு ரோப்வேயும் கொஞ்ச தூரம் மாட்டுவண்டியும் தவிர, தேயிலை தண்டவாளத்திலேயே போயிருக்கும். அதனால் என் மாடி அறையில் வருடம் 1930. வெள்ளம் வரவில்லை. மேலேயும் ரயில், கீழேயும் ரயில். இப்படி உண்மையான பாதையை எடுத்துக்கொண்டு வரலாற்றை ஓரிடத்தில் திருப்பிவிடுவது மாதிரி ரயில்காரர்களிடம் பழைய வழக்கம். வசதியான வழக்கமும்கூட. குண்டலை ரயிலுக்குப் புகைப்படங்கள் மிகக் குறைவு. 'இந்தத் தூண் இங்கே இல்லையே' என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர முடியாது.

என்ஜின் விஷயத்திலும் இந்தச் சுதந்திரம் உதவியது. முதல் உலகப் போரில் போர்முனைக்குத் தளவாடம் கொண்டுபோக அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இரண்டடிப் பாதை என்ஜின்கள் 495 செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அவற்றில் சில இந்தியாவுக்கு வந்து சர்க்கரை ஆலைகளில் கரும்பு இழுத்தன. 778 என்ற எண்ணுள்ள ஒன்று உத்தரப் பிரதேசத்தின் கத்தௌலி ஆலையில் வேலை பார்த்து, பிறகு இங்கிலாந்துக்குப் போய் லைட்டன் பஸ்ஸார்ட் என்ற சிறு ரயில்வேயைச் சேர்ந்தது. கத்தௌலிக்கு வந்த என்ஜின் மூணாறுக்கு வந்தால் என்ன? என் 1930-ல் வந்திருக்கிறது. கூடவே நாலு சக்கரக் குட்டி என்ஜின் ஒன்றும் உண்டு. ஷண்டிங் எல்லாம் அதுதான்.

இனி அளவு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் சாலை வழியில் 32 கிலோமீட்டர். நான் கட்டுவது 76-ல் ஒரு பங்கு அளவில். அதாவது நிஜத்தில் ஓர் அடி, என்னிடம் 4 மில்லிமீட்டர். இந்த அளவில் முழுப் பாதையையும் போட 420 மீட்டர் தண்டவாளம் வேண்டும். எங்கள் தெருவே அவ்வளவு நீளமில்லை. ஆகவே ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்தது டாப் ஸ்டேஷன் யார்டு. 1.2 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். 12 மில்லிமீட்டர் பிளைவுட், கீழே சட்டம். இடதுபுறம் தண்டவாளம் ஒரு சில்வர் ஓக் தோப்புக்குள் நுழைந்து மறையும். அந்தத் தோப்புக்குப் பின்னால் ஒரு தட்டு. மூணாறு, மாட்டுப்பெட்டி, மற்ற ஆலைகள் எல்லாம் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன. பார்வைக்குத் தெரியாத இந்த இடம் இல்லாவிட்டால் மாதிரி ரயில் நாடகமேடைக்குப் பக்கத் திரை இல்லாதது மாதிரி ஆகிவிடும். வலதுபுறம் ரோப்வே நிலையம்.

இரண்டடிப் பாதை இந்த அளவில் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். என்னுடையது 9. ஒரு மில்லிமீட்டர் பொய். காரணம் எளிது: 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் சிறிய மோட்டார், சக்கரம், அடிச்சட்டம் எல்லாம் ஜப்பானின் காட்டோ போன்ற கம்பெனிகள் வேறு அளவு ரயில்களுக்காக ஏராளமாகச் செய்கின்றன. அந்த அடிச்சட்டத்தின் மேல் நம் என்ஜினின் உடம்பை ஏற்றிவிடலாம். உலகமெங்கும் குறுகிய பாதைக்காரர்கள் செய்வது இதுதான். எடின்பரோவில் பி.டி. ஹான்காக் என்பவர் கிரெய்க்ஷயர் என்றொரு கற்பனை மாவட்டத்தையே படைத்து அதில் இப்படி ரயில் ஓட்டினார். 1960-களில் ஜெர்மனியின் எகர்-பான் கம்பெனி சுரங்கம், செங்கல் சூளை மாதிரியான இடங்களில் ஓடும் குட்டி ரயில்களைப் பொம்மையாக விற்க ஆரம்பித்ததும் இந்தப் பழக்கம் ஊன்றிவிட்டது. 8 மில்லிமீட்டர்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சக்கரத்தையும் தாங்களே கடைந்துகொள்வார்கள். எனக்குக் கண் அவ்வளவு தூரம் ஒத்துழைக்காது.

கடையில் வாங்கியவை தண்டவாளம், பாதை கிளை பிரியும் இடத்தில் வைக்கும் பாயிண்ட், என்ஜினின் அடிச்சட்டம். மீதி எல்லாம் வீட்டுச் சரக்கு. மலை என்பது தெர்மாகோல். மேலே பழைய செய்தித்தாள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மண்ணுக்கு டீ வடிகட்டிய சக்கை. வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்து, ஃபெவிகாலில் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து ஊற்றி ஒட்டினால், மூணாறு மலையின் கருஞ்சிவப்பு மண் அப்படியே வரும். காய்வது முக்கியம்; ஈரச் சக்கையை ஒட்டினால் பூஞ்சை பிடித்து மலையே வெளுத்துவிடும். "ஆலையில இருந்தப்பதான் தூசியோட வந்தீங்க. இப்ப டீ சக்கையக்கூட விடமாட்டேங்கிறீங்களே" என்று வீட்டில் பேச்சு.

தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தேயிலைத் தோட்டத்தைப் பொம்மையாகச் செய்கிறவர்கள் உருண்டை உருண்டையாகப் புதர் செய்துவிடுவார்கள். கவ்வாத்து செய்து கொழுந்து எடுக்கும் செடி உருண்டையாக இருக்காது; மேசை மாதிரி மட்டமாக இருக்கும், இடுப்பளவு உயரம். என் அளவில் 10 மில்லிமீட்டர். வரிசைக்கு நடுவே ஆள் நடக்கும் இடைவெளி. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு வெளிநாட்டுப் பொம்மைகள்தான் கிடைத்தன, கோட்டும் தொப்பியுமாக. கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்துச் சேலை கட்டிவிட்டேன். ஒவ்வொருத்தியும் 20 மில்லிமீட்டர் உயரம். கொசுவம் வைக்க மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

ரோப்வேதான் எனக்கு அதிகம் பிடித்த வேலை. 5 கிலோமீட்டர் கம்பிவடம் என் அளவில் 65 மீட்டருக்கு மேல். நான் பிளைவுட்டின் விளிம்பிலிருந்து கீழே ஒரு ஸ்டூல் வரை மட்டும் இறக்கினேன். தூண்டில் நரம்பு, மெதுவாகச் சுற்றும் கியர் மோட்டார், இரண்டு முனையிலும் பெரிய கப்பி, நரம்பு தளராமல் இருக்க ஓர் எடைக்கல். ஸ்டூலின் மேல் கொட்டகுடி: ஒரு கொட்டகை, இரண்டு மாட்டுவண்டி. தேயிலைப் பெட்டி சுமார் இரண்டடி உயரம். எனக்கு 8 மில்லிமீட்டர் மரத்துண்டு. பெட்டி வேகனிலிருந்து இறங்கி, நரம்பில் தொங்கும் தொட்டியில் ஏறி, விளிம்பைத் தாண்டிக் கீழே போகும். எதிர்த்தொட்டியில் அரிசி மூட்டை மேலே வரும். மலையில் நெல் விளையாது. கொழுந்து எடுக்கப் போன தமிழ்க் குடும்பங்களுக்குச் சாப்பாடு கீழேயிருந்துதான் போயாக வேண்டும்.

சரக்கு ரயிலின் மூளை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பயணிகள் வண்டியில் பெட்டிகளின் வரிசை பற்றிக் கவலையில்லை. சரக்கில் ஒவ்வொரு வேகனுக்கும் தனி ஊர், தனி அவசரம். நான்கு, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். அதை உலர்த்த அடுப்பில் மரம் எரிய வேண்டும். ஆகவே தூள் ஏற்றிய வேகன் வரும், விறகு வேகன் போகும், அரிசி வேகன் போகும், காலி வேகன் எங்கே தேவையோ அங்கே ஓடும். இவற்றைச் சரியான வரிசையில் கோப்பதுதான் ஷண்டிங்.

ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் இதை ஒரு புதிராகவே அமைத்து, 'இங்கிள்நுக் சைடிங்ஸ்' என்று பெயர் வைத்தார். மூன்று கிளைப் பாதை. ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. என்ஜின் முன்னும் பின்னும் போகும் பாதையில் என்ஜினும் மூன்று வேகனும்தான் கொள்ளும். மொத்தம் எட்டு வேகன். எட்டுச் சீட்டைக் குலுக்கி ஐந்தை எடுங்கள். அதே ஐந்து வேகன்கள், எடுத்த அதே வரிசையில், நீளமான கிளையில் நிற்க வேண்டும். 6,720 விதமான வரிசை வரலாம். அதனால் ஒருநாள் ஆட்டம் மறுநாள் வராது. என் டாப் ஸ்டேஷன் யார்டு இந்த வரைபடம்தான். சீட்டில் எண்ணுக்குப் பதிலாகச் சரக்கு எழுதியிருக்கிறேன். 'விறகு, மாட்டுப்பெட்டி ஆலை, அவசரம்' என்று ஒரு சீட்டு. அது வரிசையில் கடைசியாக வந்தால் அன்றைக்கு மாலை டீ ஆறிப்போகும்.

என்னோடு ஆட வருகிறவர் அடுத்த தெருவிலிருக்கும், ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். முதல்முறை பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தேகம்.

"என்ன அண்ணே, ஸ்டேஷன்ங்கிறீங்க, ஒரு சிக்னலைக் காணோம்?"

"ஒரே ஒரு வண்டிதானே தம்பி ஓடுது. எதோட மோதப் போகுது?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப டோக்கன் ஒண்ணு வேணும்" என்றார். சரியான பேச்சு. இப்படிப்பட்ட சிறு பாதைகளில் சிக்னல் வைக்கிற செலவை மிச்சப்படுத்த, ஒரு கோல் மட்டும் வைத்திருப்பார்கள். அந்தக் கோல் யார் கையில் இருக்கிறதோ அந்த டிரைவர்தான் பாதையில் நுழையலாம். ஒரே கோல் இருப்பதால் இரண்டு வண்டி நுழைய வழியே இல்லை. மறுவாரமே அவர் ஒரு பித்தளைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது என் பேரன் உட்பட யாராக இருந்தாலும் அதை வாங்காமல் என்ஜினைத் தொட முடியாது.

பேரனுக்கு ஒரே குறை வேகம். "தாத்தா, இன்னும் கொஞ்சம் வேகமா விடுங்களேன்." குண்டலை மாதிரி ஒரு மலைப்பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், என் அளவில் ஒரு நொடிக்கு ஐந்தரை சென்டிமீட்டர். முழு பிளைவுட்டையும் கடக்க இருபது நொடிக்கு மேல் ஆகும். அந்த நிதானத்தில்தான் சின்ன இடம் பெரிய இடமாகத் தெரியும். கொஞ்சம் திருகிவிட்டால் போச்சு, மலை சுருங்கி மேசையாகிவிடும்.

நிதானமாக ஓட்டுவதுதான் கஷ்டம். இரண்டு தண்டவாளத்திலும் 12 வோல்ட் வரை மின்சாரம். சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. நாலே சக்கரம் உள்ள குட்டி என்ஜின், ஒரு தூசி போதும், நின்றுவிடும். பாயிண்டின் நடுவே இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தை ஃப்ராக் என்பார்கள். அங்கே ஒரு துருவம் இன்னொன்றைத் தொட்டால் ஷார்ட். அதைத் தவிர்க்கச் சில பாயிண்டுகளில் அந்த இடத்தை பிளாஸ்டிக்கில் செய்திருப்பார்கள். பெரிய என்ஜின் அதைத் தாண்டிவிடும். குட்டி என்ஜின் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே குட்டி என்ஜின் ஓட்டுகிறவர்கள் உலோக ஃப்ராக் உள்ள பாயிண்டையே வாங்குங்கள். பாயிண்ட் திரும்பும்போதே துருவத்தையும் மாற்றுகிற ஒரு சிறு சுவிட்சை அடியில் வையுங்கள். தண்டவாளத்தை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். போடியில் காற்றுக் காலம் வந்தால் புழுதி ஜன்னல் இடுக்கிலெல்லாம் நுழையும். அந்த மாதங்களில் துடைக்காமல் ஓட்டவே முடியாது. வேகன்கள் லேசாக இருந்தால் தடம் புரளும். அடியில் தூண்டில் ஈயம் ஒட்டினால் போதும். கொக்கியைக் கழற்ற நான் வைத்திருப்பது சீவிய ஊதுபத்திக் குச்சி. இதற்கென்று விற்கும் கருவிகளும் உண்டு. குச்சி நன்றாகவே வேலை செய்கிறது.

குழந்தைகளுக்குத் தெரிந்த தாமஸ் ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் மாதிரி ரயில்காரர்தான். ஃபார்க்கர் என்ற அவருடைய மாதிரிப் பாதையும் ஒரு கல்குவாரியை நம்பி இருந்த சின்னக் கிளைப்பாதை. நம் நாட்டில் மாதிரி ரயில் என்றால் என்ன என்று பார்க்க விரும்புகிறவர்கள் புனேயில் 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அது பெரிய நகரம், பெரிய ஏற்பாடு. அதைப் பார்த்துவிட்டு மலைத்துப்போய் 'நமக்கு இடமில்லை' என்று சொல்லாதீர்கள். புத்தக அலமாரியின் ஒரு தட்டு போதும். வட்டம் போடாதீர்கள். ஓர் ஆலை, ஒரு குவாரி, ஓர் உப்பளம், எது உங்களுக்குத் தெரியுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். தண்டவாளம் எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் காகிதமே சொல்லிவிடும்.

போடி மீட்டர் கேஜ் பாதை 2010 முடியும்போது அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் திரும்ப ரயில் வந்தது. அந்தப் பழைய மீட்டர் கேஜ் நாட்களுக்காவது பலருடைய செல்போனில் படம் இருக்கும். குண்டலை ரயிலுக்கு அதுவும் இல்லை. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று காட்சிக்கு இருக்கிறது. மூணாறு, குண்டலை, குரங்கணி, போடிப் பக்கம் பழைய குடும்பங்களில் டிரங்குப் பெட்டி திறக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துத் தோட்டப் படங்கள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் பின்னணியை உற்றுப் பாருங்கள். ஒரு தண்டவாளமோ வேகனோ ரோப்வே தூணோ தெரிந்தால், பின்பக்கத்தில் யார், எந்த இடம் என்று பென்சிலில் எழுதி, ஒரு நகலை அந்த அருங்காட்சியகத்தில் கொடுங்கள்.